முடிவை உங்களிடமே விட்டவர்

முடிவெடுக்கிற மனிதர்களை உங்களுக்குத் தெரியும். முடிவெடுக்க முடியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறவர்களையும் தெரியும். இந்த இரண்டு கட்சியிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிற ரகம். எல்லாத் தொழிலிலும் இந்த ரகத்தைப் பார்க்கலாம் என்றாலும், கண்ணாடிச் சுவரும் குளிர்ந்த காற்றும் இலவசக் காப்பியும் உள்ள மென்பொருள் நிறுவனங்களில்தான் இது கொழுகொழுவென்று வளர்கிறது. அங்கே இதற்குத் தொழில்நுட்பத் தலைவர் என்று பெயர்.

ஒருவரைப் பிடித்துக்கொண்டுவந்து உங்கள் முன்னால் நிறுத்துகிறேன். பயப்படாதீர்கள், கடிக்க மாட்டார். கேள்விதான் கேட்பார்.

நம் தலைவர் ஒரு காலத்தில் நன்றாகவே புரோகிராம் எழுதினவர். இதை அவரே அடிக்கடி சொல்வார். இப்போது அவருக்குக் கீழே பல குழுக்கள் இருக்கின்றன. எல்லோரும் சேர்ந்து வெளியூர் பஸ்களுக்கு டிக்கெட் பதிவு செய்கிற மென்பொருளை உண்டாக்கி, உடைத்து, மறுபடி உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். தலைவர் எதையும் உண்டாக்குவதில்லை, உடைப்பதுமில்லை. அவர் வளர்க்கிறார். ஆட்களை வளர்க்கிறார். இந்த ஞானம் அவருக்கு ஒரு பயிற்சி முகாமில் கிடைத்தது. நல்ல தலைவன் உத்தரவு போட மாட்டான், சரியான கேள்வியைக் கேட்டு ஆட்களையே முடிவெடுக்க வைப்பான் என்று அங்கே ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகும் அவர் நிறையச் சொல்லியிருக்கக்கூடும். தலைவர் அதற்குள் டீ குடிக்க எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் வாயில் உத்தரவு என்று ஒன்று வந்தது கிடையாது. "இதைச் செய்" என்று சொன்னதே இல்லை, சத்தியமாக. "இதைச் செஞ்சா எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா?" என்பார். ஒருநாள் தன் அறைக்குள் நுழையும்போது, "இந்தக் கதவு நமக்குத் தேவையா?" என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டார். மறுநாள் கதவைக் காணோம். கழற்றிக்கொண்டுபோய்விட்டார்கள். கதவில்லாத அறையில் காப்பி இயந்திரத்தின் இரைச்சலும், பக்கத்து மீட்டிங்கின் சிரிப்பும், யாரோ யாரையோ பற்றிப் பேசுகிற பேச்சும் தாராளமாக வந்து போயின. கதவைத் திரும்ப மாட்டச் சொல்லலாம். ஆனால் கழற்றியது அவர் முடிவில்லையே, குழுவின் முடிவாயிற்றே. அதில் எப்படித் தலையிடுவது? காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கேள்வி கேட்கிறவருக்குக் கேள்விதான் வேலை. அதற்குப் பொருள் சொல்லிப் பிரித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா? இருந்தார். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில் ஒருவர். ஆபீஸ் முழுக்க அவரை ஜோசியர் என்றுதான் கூப்பிடும். மீட்டிங் முடிந்ததும் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொள்வார்கள்.

"ஜோசியரே, சுவாரசியமா இருக்கேன்னு சொன்னாரே, பிடிச்சிருக்கா?"

"தூக்கிக் குப்பையில போடுன்னு அர்த்தம்."

"இன்னும் ரெண்டு பேர்கிட்ட காட்டலாமான்னு கேட்டாரே?"

"வேற ரெண்டு பேரை வெச்சு மொதல்லேர்ந்து எழுதுன்னு அர்த்தம்."

"கடைசியில, சும்மாதான் கேக்கறேன்னு ஒண்ணு சொன்னாரு."

ஜோசியர் கண்ணை மூடி யோசிப்பார். "அதுதான் இருக்கறதுலயே அவசரம். இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க."

பாவம், தலைவருக்கு இது எதுவும் தெரியாது. தன் குழுக்கள் தாங்களாகவே சிந்தித்துத் தாங்களாகவே முடிவெடுத்து, அதிசயமாகத் தான் நினைத்த இடத்துக்கே வந்து சேர்வதைப் பார்த்து அவருக்கு உள்ளுக்குள் பூரிப்பாக இருக்கும். ஆட்கள் வளர்கிறார்கள் என்று வீட்டில் வந்து சொல்வார்.

வீட்டில் மட்டும் என்னவாம்? அங்கேயும் ஜனநாயகம்தான்.

"ஞாயித்துக்கிழமை வெளிய சாப்பிடலாமா?" என்று மனைவி கேட்பார். அவர் பல் டாக்டர்; வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்லாதவர்களோடு பழகியவர்.

"உன் இஷ்டம்மா."

"சரி, அந்த ஏரிக்கரை ஓட்டல்."

"தாராளமா. அங்க வண்டி நிறுத்த இடம் இருக்குமான்னு மட்டும் யோசிச்சுக்க."

"அப்போ கடைத்தெருப் பக்கம் போலாம்."

"போலாமே. போன தடவை அங்க உனக்குச் சத்தம் ஒத்துக்கலையே, அதனால கேட்டேன்."

"பேசாம வீட்டுலயே சமைக்கலாம்."

"பாத்தியா, நீயே சொல்லிட்ட" என்று தலைவர் மலர்ந்து போவார். அவருக்கு வீட்டுச் சாப்பாடுதான் வேண்டியிருந்தது. வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார், அதையும் சொல்லியாக வேண்டும். மனைவி அவரைப் பார்த்து, "இருபது வருஷமா எல்லாம் என் இஷ்டப்படிதான் நடக்குது. எனக்குப் பிடிச்சது ஒண்ணுகூட நடக்கலை" என்பார். மகள் சிரிப்பாள். தலைவரும் சிரிப்பார், நகைச்சுவை என்று நினைத்து.

ஆபீசில் இவரிடம் நேராகப் பேசக்கூடிய ஒரே ஒரு ஆள் இருந்தார். முக்கியமான குழுவின் தலைவி. வேகமாக ஓடுகிற எல்லோரையும் "கொஞ்சம் நில்லுங்க" என்று நிறுத்துவதால் அவருக்குப் பிரேக் மேடம் என்று பெயர். ஜோசியரிடம் போகாமல் மேடம் நேரே கதவில்லாத அறைக்குள் போய், "சார், ஆமாவா, இல்லையா?" என்று கேட்பார். ஆமா என்றும் இல்லை என்றும் அவருக்கு ஒருநாளும் பதில் கிடைத்ததில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவருக்கு இந்தப் பெண்மணியைப் பிடிக்கும். மற்றவர்களிடம் பேசும்போது தன் குரலையே திருப்பிக் கேட்பதுபோல் இருக்கும் அவருக்கு. மேடத்திடம் பேசும்போதுதான் எதிரில் இன்னொரு ஆள் இருப்பதாகத் தோன்றும். இதை அவர் மேடத்திடம் சொன்னதில்லை. தலைவனாகப்பட்டவன் யார் பக்கமும் சாயக்கூடாதல்லவா?

விடுமுறைக் காலத்துக்கு மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிட வேண்டிய சமயம். ஒருநாள் மேடத்தின் குழு திரையில் எல்லாவற்றையும் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. பயணி தன் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் நிரப்புகிற பக்கம் வந்தது. தலைவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "பிறந்த தேதியெல்லாம் எதுக்குக் கேக்கறோம்? சும்மாதான் கேட்டேன்" என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் அவரை நம்ப வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் உண்மையிலேயே சும்மாதான் கேட்டார். அந்த வாரம் அவருக்கு ஐம்பது வயது நிறைகிறது. காலையில் கண்ணாடியில் காது ஓரத்து நரையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். எந்தத் திரையிலும் பிறந்த தேதி என்ற சொல்லைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"எடுத்துடணும்" என்றார் ஜோசியர், மீட்டிங் முடிந்ததும்.

"நிஜமாவே சும்மா கேட்டிருந்தா?" என்றார் மேடம்.

"மேடம், என்னைக்காவது சும்மா கேட்டிருக்காரா?"

மேடம் நேரே போனார். "சார், பிறந்த தேதியை எடுக்கணுமா, வேண்டாமா?"

தலைவருக்குத் தான் கேட்டதே மறந்துபோயிருந்தது. ஆனால் ஆட்களை வளர்க்க ஒரு வாய்ப்பு வருகிறது, விடலாமா? "நீங்க என்ன நினைக்கறீங்க?"

"இருக்கட்டும்னு நினைக்கறேன். வயசானவங்களுக்கு முன்வரிசை ஒதுக்கறது அதை வெச்சுத்தான். அதை எடுத்தா வேற எங்க என்ன ஆகும்னு பாக்க இப்ப நேரமில்லை."

"ரொம்ப நல்லது. இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னும் ஒரு தடவை யோசிச்சுப் பாத்தீங்களா?"

மேடம் பிறகு குழுவிடம் திரும்பிவந்து, "எடுத்துடுங்கப்பா" என்றார். பிரேக்கும் தேயும்தானே.

அந்த மென்பொருளின் ஏதோ ஒரு மூலையில், எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்ட யாரோ ஒருவர் எழுதிய சில வரிகள் இருந்தன. பிறந்த தேதி காலியாக வந்தால், தனக்குத் தெரிந்த மிகப் பழைய தேதியை அது போட்டுக்கொள்ளும். விளைவு என்ன? புதிய பதிப்பு வெளியான காலையில் நாட்டு மக்கள் அத்தனை பேரும் நூறு வயது தாண்டினார்கள். கல்லூரிக்குப் போகிற பையன்களைப் பார்த்து, "ஏறி இறங்கக் கைத்தாங்கலுக்கு ஆள் வேண்டுமா?" என்று திரை அன்போடு விசாரித்தது. எல்லோருக்கும் முன்வரிசை. முன்வரிசை தீர்ந்ததும் பஸ் நிரம்பிவிட்டதாக அறிவிப்பு. பின்னால் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகளோடு பஸ்கள் கிளம்ப, பஸ் நிலையத்தில் மூட்டையும் முடிச்சுமாக ஜனங்கள் நின்று திட்டினார்கள். பஸ் முதலாளிகள் போனில் திட்டினார்கள். அவர்கள் சொல் வளத்தை இங்கே எழுத முடியாது.

மீட்டிங் அறையில் எல்லோரும் கூடினார்கள். தலைவர் வந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, "நான் இங்க இல்லைன்னே நினைச்சுக்குங்க" என்றார். அப்படி நினைக்க எல்லோரும் பாடுபட்டார்கள்.

"சார், பழைய பதிப்புக்கே திரும்பிடலாம்" என்றார் மேடம். "காலையிலேர்ந்து பதிவான டிக்கெட்ல கொஞ்சம் அழிஞ்சு போகும். அவங்களைக் கூப்பிட்டு மன்னிப்பு கேட்டு மறுபடி போட்டுக் கொடுக்கலாம். ஆனா பஸ் நிரம்பும். நீங்க சரின்னா சரி."

"திரும்பலாம். திரும்பாம, இருக்கறதையே சரி பண்ணவும் செய்யலாம், இல்லையா?"

"பண்ணலாம், நாளைக்கு ஆகும்."

"அப்போ திரும்பறது நல்லதுங்கறீங்க."

"ஆமா சார்."

"டிக்கெட் அழியறதைப் பத்தி யோசிச்சீங்களா?"

"இப்பதான் சார் சொன்னேன்."

இப்படியே போயிற்று. வெளியே இன்னும் சில பஸ்கள் பாதி காலியாகக் கிளம்பின. மேடத்தின் குரல் உயரவில்லை, தணிந்தது. அவரைத் தெரிந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்கள். "சார், எனக்கு ஒரு வார்த்தை போதும். ஆமாவா, இல்லையா?"

தலைவர் எழுந்தார். நெஞ்சு நிறைய நல்லெண்ணத்தோடு சொன்னார்: "முடிவு உங்களோடது. நான் உங்க பின்னால நிக்கறேன்."

மேடம் திரும்பிப் பார்த்தார். உண்மைதான், பின்னால்தான் நின்றார். வெகு பின்னால், அதற்குள் வெளியே போய், காப்பி இயந்திரத்துக்கும் அந்தப் பக்கம். மேடம் தானே முடிவெடுத்துப் பழைய பதிப்பைக் கொண்டுவந்தார். மதியத்துக்குள் ஜனங்களுக்கு அவரவர் வயது திரும்பிவிட்டது, பஸ்கள் நிரம்பின. அழிந்த டிக்கெட்டுக்காரர்களை மேடமும் குழுவுமே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிதாக ஏதாவது உடைந்தால், யாரையும் குறை சொல்லாத கூட்டம் என்று ஒன்று போடுவார்கள். யார் பெயரையும் சொல்லக்கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம்தான். அதனால் அன்று எல்லாமே ஆளில்லாமல் தானாக நடந்ததுபோல் பேசப்பட்டது.

"பிறந்த தேதி நீக்கப்பட்டது" என்றார் ஒருவர்.

"எதனால நீக்கப்பட்டது?"

"ஒரு கேள்வி எழுப்பப்பட்டதால."

"கேள்வி எங்கேர்ந்து எழும்பிச்சு?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை. கேள்விகளைச் சரியாகப் புரிந்துகொள்ள ஊழியர்களுக்குப் பயிற்சி தரலாமா என்று அவரே கேட்டார். ஜோசியர் அதை உடனே குறித்துக்கொண்டார்.

மேல்மாடியில் நிர்வாக இயக்குநருக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. அவர் பழைய காலத்து ஆள், மேஜையைத் தட்டுவார். "பதிவான டிக்கெட்டை அழிக்கச் சொன்னது யாரு?"

"குழுத் தலைவியோட முடிவு சார் அது. நான் அவங்களை முழுசா நம்பறேன்" என்றார் நம் தலைவர்.

இதில் பொய் ஒரு சொட்டு உண்டா? அந்த முடிவு மேடத்துடையதுதான். நம்பியதும் உண்மைதான். மாடிப்படி இறங்கும்போது, தன் ஆளை உயர்த்திப் பேசிவிட்டோம் என்று அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. மாடியில் இயக்குநர் புரிந்துகொண்டது வேறு. டிக்கெட்டை அழித்தவர் பெயர் அவர் காதில் விழுந்தது, அந்த வருஷத்துப் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை அவர் எடுத்துவிட்டார். மேடத்துக்குச் செய்தி எட்டியது. வழக்கம்போல வேலை பார்த்தார். ஆனால் கதவில்லாத அறைக்கு வந்து ஆமாவா இல்லையா என்று கேட்பது மட்டும் நின்றுபோயிற்று. தலைவர் இதைக் கவனித்தார். வளர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து ஒரு பிற்பகல் மேடம் வந்தார். உட்காரச் சொல்லக் காத்திருக்காமல் உட்கார்ந்தார்.

"வேற ஒரு கம்பெனியில கூப்பிடறாங்க சார். நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

"ஓ" என்றார் தலைவர். காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன். போகட்டுமா, இருக்கட்டுமா?"

போகாதீங்கம்மா. இதுதான் அவர் மனதில் முதலில் வந்தது. நீங்க போயிட்டா இங்க என்கூட நேரா பேச ஆளே இல்ல, மாடியில நான் சொன்னது சரியா போய்ச் சேரலைன்னு நினைக்கறேன், அதை இன்னைக்கே போய்ச் சரி பண்றேன், இருங்க. இவ்வளவும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவருக்குப் பயமாக இருந்தது, நிஜமான பயம். இந்த அறையையும் இந்த மீட்டிங்குகளையும் மேடம் இல்லாமல் நினைத்துப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். தொண்டைக்கு வந்ததெல்லாம் தண்ணீரோடு உள்ளே போயிற்று.

"உங்க மனசு என்ன சொல்லுது?" என்றார்.

"உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொல்லுச்சு சார்."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்கு எங்கே கிடைக்கும்? தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது உங்க வாழ்க்கை. இதுல நான் தலையிடறது தப்பு. ரெண்டு பக்கமும் எழுதிப் பாருங்க. நீங்க எந்த முடிவு எடுத்தாலும் நான் மதிப்பேன்."

மேடம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு, "சரி சார், முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

"அதுக்குள்ளயா? எப்போ?"

"இப்பதான்" என்று சொல்லி எழுந்தார்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது தலைவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். தட்டில் இருந்தது இருந்தபடியே இருந்தது.

"இருக்கச் சொல்லலையா நீங்க?"

"அவங்க முடிவை நான் மதிச்சேன்."

"அவங்களா வந்து கேட்டாங்கன்னு சொன்னீங்களே."

"கேட்டாங்க."

"போறதா இருந்தா போயிருப்பாங்களே. எதுக்கு வந்து கேட்டாங்கன்னு நினைக்கறீங்க?"

கேள்வியால் பிழைத்த மனிதரிடம் அந்தக் கேள்விக்குப் பதிலாகக் கேட்க இன்னொரு கேள்வி இல்லை. மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மேடம் போன பிறகு ஆபீசில் அவர் இடத்துக்கு ஜோசியரைப் போட்டார்கள். குழுவே அப்படி முடிவெடுத்ததாகக் கேள்வி.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருக்கார், இதை அவருக்கு அனுப்பணும் என்று யோசிக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். மீட்டிங் நடத்துகிற உத்தியோகம் உங்களுக்கு இல்லை, உங்களுக்குக் கீழே ஒரு ஆள்கூட இல்லை, ஆகையால் தப்பித்தோம் என்றும் ஒரு நிம்மதி இருக்கும். இருக்கட்டும். சமீபத்தில் உங்கள் வீட்டுக் கூடத்திலோ, போனிலோ, பஸ் நிலையத்திலோ ஒருவர், அண்ணனோ மகளோ சிநேகிதியோ, உங்களைக் கேட்காமலே போயிருக்கக்கூடிய ஒருவர், கையில் பெட்டியை வைத்துக்கொண்டு, "போகட்டுமா?" என்று கேட்டிருப்பார். நீங்களும் பெருந்தன்மையாக, "உன் இஷ்டம்" என்று சொல்லியிருப்பீர்கள். அவர் உங்களிடம் அனுமதியும் கேட்கவில்லை, ஆலோசனையும் கேட்கவில்லை. தான் போனால் உங்களுக்கு வலிக்குமா என்று கேட்டார். வலிக்காது என்று நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள், ரொம்ப மரியாதையாக.